டவரும் அம்மாவின் தூக்கமும்

மேட்டுப்பாளையம் என்றதும் ஊட்டி மலை ரயில் ஞாபகம் வருதா? அது வேற ஊர். நான் சொல்றது புதுச்சேரி மேட்டுப்பாளையம். தொழிற்பேட்டையும் கம்பெனிகளும் லாரிகளும் உள்ள ஊர். உழவர்கரை நகராட்சி என்று பெயர்ப் பலகையில் உழவர் இருக்கிறார், நிலத்தில்தான் அவரைத் தேடணும். மிச்சமிருக்கிற சில பேரில் நானும் ஒருத்தன். கத்திரி, வெண்டை, கொஞ்சம் கீரை, ரெண்டு மாடு.

என் பங்காளி ஒருத்தன் தன் பங்கு நிலத்தின் மூலையை ஒரு செல்போன் டவருக்கு வாடகைக்கு விட்டான். எங்க வீட்டிலிருந்து எட்டினால் அறுபது எழுபது மீட்டர். டவர் வந்த ஆறாவது மாசம் அம்மாவுக்குத் தூக்கம் போச்சு. ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பாங்க. பகல் முழுக்க அசதி. முடி கொட்டுது, உடம்பு கனக்குது. அம்மாவுக்கு ஏற்கனவே தைராய்டு உண்டு. சென்னையில் இருக்கிற அக்கா பொண்ணு ஒரு வீடியோ அனுப்பினாள்: டவர் கதிர்வீச்சு ஹார்மோனைக் குலைக்குமாம், உடம்பை எந்நேரமும் பதற்றத்திலேயே வைக்குமாம், தைராய்டு முதல் போகுமாம். "மாமா, அந்த வீட்டுல பாட்டிய வச்சிருக்காதீங்க" என்று அழுதே விட்டாள்.

தெருவில் மனு தயாரானது. "கதிர்வீச்சால் பெண்களுக்கு ஹார்மோன் கோளாறு ஏற்படுவதால் டவரை அகற்றக் கோருகிறோம்." முப்பது நாற்பது கையெழுத்து. நான் போடவில்லை. அம்மாவே பாதிக்கப்பட்டவங்க, மகன் கையெழுத்துப் போடலைன்னா ஊர் என்ன பேசும்? பங்காளியிடம் பணம் வாங்கிட்டான்னு பேசிச்சு. பங்காளியோ, மனு எழுதினதே நான்தான்னு நினைச்சு இன்னைக்கு வரைக்கும் முகம் கொடுத்துப் பேசறதில்லை. (கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர், டவர் தங்கள் நிலத்துக்கு வரக்கூடாதான்னு முன்னால் அலைந்தவர்கள். அது தனிக் கதை.)

ஏன் போடவில்லை என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

மைக்ரோவேவ் என்றால் நம்ம மனசில் அடுப்புதான் வரும். அந்த அடுப்பு 2450 மெகாஹெர்ட்ஸ் அலையில் வேலை செய்யுது. வீட்டு வைஃபை அதே பக்கத்து அலைதான். செல்போன் டவர் 900, 1800, 2300 என்று சுற்றுவட்டாரத்தில் வரும். குடும்பம் ஒண்ணு, பலம் வேற. அடுப்புக்குள் பெட்டி கட்டி 800, 1000 வாட்டை ஒரு தட்டு சோற்றின் மேல் கொட்டுகிறோம். டவரில் இருந்து வருவது காற்றில் விரிந்து பரவி வீட்டுக்கு வரும்போது மிகச் சொற்பம். தூரம் இரட்டிப்பானால் அளவு நாலில் ஒண்ணாகும். கொட்டகை விளக்கு பக்கத்தில் நின்றால் கண் கூசும், வரப்புக்கு அந்தப் பக்கம் போனால் செருப்பு தெரியாது, அந்தக் கணக்குதான்.

இந்த அலைகள் எக்ஸ்ரே மாதிரி அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் ரகம் இல்லை. நிச்சயமாகத் தெரிந்த விளைவு ஒன்றே ஒன்று, சூடு. அந்தச் சூடு வராத அளவுக்கு சர்வதேச வரம்பு வைத்தார்கள்: 900 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 4.5 வாட். இந்தியாவில் 2012 செப்டம்பர் 1 முதல் அதில் பத்தில் ஒரு பங்கு, 0.45 வாட்தான் அனுமதி. நம்ம நாட்டு விதி இந்த ஒரு விஷயத்தில் பல நாடுகளைவிடக் கடுமை. நம்பிக்கை இல்லையா, 2017-ல் மத்திய அரசு 'தரங் சஞ்சார்' என்று ஒரு இணையதளம் தொடங்கினது. எந்த டவர் எங்கே என்று பார்க்கலாம், 4000 ரூபாய் கட்டி அளந்து காட்டச் சொல்லலாம். மனு போட்ட தெருவில் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டிருந்தாலே போதும். யாரும் போடலை. அளந்து, "வரம்புக்குள்ளதான் இருக்கு"ன்னு வந்துட்டா அப்புறம் சண்டைக்கு என்ன இருக்கு?

இப்போ ஹார்மோன் விஷயத்துக்கு வருவோம். இதை மாட்டை வைத்துச் சொன்னால்தான் எனக்கு வரும்.

கறவை மாட்டுக்கிட்ட புது ஆள் போய் உட்கார்ந்தாலோ, நாய் குரைத்தாலோ, பால் சுரக்காது. மடி கனமாகத்தான் இருக்கும், இறக்காது. பாலை இறக்குவது ஆக்ஸிடோசின். பயந்த மாட்டின் உடம்பில் அட்ரினலின் ஏறினால் ஆக்ஸிடோசின் வேலை நின்றுபோகும். மூளையில் ஹைபோதலாமஸ், அதன் கீழே பிட்யூட்டரி, சிறுநீரகத்து மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பி. மேலிருந்து கீழே ஆள் விட்டுச் சொல்லி அனுப்புகிற மாதிரி கட்டளை இறங்கி, கடைசியில் கார்ட்டிசால் வருது. மனுஷனுக்கும் இதேதான். கார்ட்டிசால் விடிகாலையில் ஏறி, எழுந்ததும் உச்சத்துக்குப் போய், நடுராத்திரியில் அடங்கும். மெலட்டோனின் அதற்கு எதிர்ப்பக்கம், இருட்டினால் ஏறும், வெளிச்சத்தில் இறங்கும். ஏற்றம் இறைக்கிற மாதிரி, ஒண்ணு மேலே போனா ஒண்ணு கீழே.

மைக்ரோவேவ் இந்த ஏற்றத்தை ஆட்டுமா? இந்தக் கேள்வி வாட்ஸ்அப்பில் பிறந்ததில்லை. 1950, 60-களில் சோவியத் மருத்துவர்கள் ரேடார் பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தலைவலி, தூக்கமின்மை, எரிச்சல் வருவதாக எழுதி, அதற்கு ஒரு நோய்ப் பெயரே வைத்தார்கள். அதே காலத்தில் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதரகத்தின் மேல் ரஷ்யர்கள் வருஷக்கணக்கில் மைக்ரோவேவ் பாய்ச்சியது தெரிய வந்து பெரிய கலவரம். அங்கே வேலை பார்த்தவர்களையும் குடும்பத்தையும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் லிலியன்ஃபெல்ட் குழு, மற்ற நாட்டுத் தூதரகங்களில் இருந்தவர்களோடு ஒப்பிட்டு 1978-ல் அறிக்கை கொடுத்தது. அந்த அலையால் நோய் கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை.

அதுக்கப்புறம் எலியை வைத்து எத்தனையோ சோதனை. பலமான அலையில் எலியின் உடம்பு சூடேறினால் அழுத்த ஹார்மோன் ஏறுகிறது. ஏறத்தான் செய்யும், சித்திரை வெயிலில் உழுதாலும் ஏறும். சூடேறாத அளவில் விட்டால் ஒரு ஆய்வில் ஏறுது, இன்னொன்றில் இறங்குது, அடுத்ததில் ஒண்ணும் இல்லை. இதில் எனக்குச் சிரிப்பு வந்த இடம் ஒண்ணு: அலை சரியாக ஒரே இடத்தில் படணும் என்று பல சோதனைகளில் எலியைக் குறுகின குழாயில் அடைத்து வைக்கிறார்கள். அடைத்து வைத்தாலே எலிக்கு அழுத்த ஹார்மோன் ஏறிடும்! கன்றுக்குட்டியை டெம்போவில் ஏற்றியவனுக்கு இதைச் சொல்லித் தரணுமா?

மனிதர்களில் "எனக்கு இந்த அலை ஒத்துக்காது" என்று சொல்கிறவர்களை உட்கார வைத்து, தெரியாமல் கருவியைப் போட்டும் நிறுத்தியும் பார்த்திருக்கிறார்கள். 2005-ல் லண்டன் ஆய்வாளர்கள் அதுவரை நடந்த 31 சோதனைகளை, 725 பேரை, ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். அலை ஓடுகிறதா நின்றிருக்கிறதா என்று அவர்களால் மற்றவர்களைவிட நன்றாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அவர்கள் பட்ட கஷ்டம் உண்மை. தலைவலி தலைவலிதான். 2013-ல் வெளிவந்த இன்னொரு சோதனையில் 147 பேரில் ஒரு பாதிக்கு வைஃபை ஆபத்து என்று சொல்லும் டிவி நிகழ்ச்சியைக் காட்டி, பிறகு எல்லோரையும் வைஃபை அலையில் உட்கார வைப்பதாகச் சொல்லி, ஒண்ணுமே போடாமல் கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். பாதிக்கு மேல் ஆட்களுக்குப் படபடப்பு, கவனக் குறைவு, உடம்பில் கூச்சம். பயந்த சுபாவம் உள்ளவர்களில் அந்த நிகழ்ச்சியைப் பார்த்தவர்களுக்கு அதிகம். அக்கா பொண்ணு அனுப்பின வீடியோ அம்மாவின் அட்ரினலை ஆட்டியிருக்கும் என்று நான் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். வந்தாலும் சொல்லத்தான் வேணும்.

சரி, அப்போ உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2011 மே 31-ல் இந்த அலைகளை '2பி' பட்டியலில் போட்டதே? போட்டது உண்மை. 'புற்றுநோய் வர வாய்ப்பு இருக்கக்கூடும்' என்று அர்த்தம். காய்கறி ஊறுகாயில் ஒரு ஆசிய வகையும் அதே பட்டியலில் இருக்குது. அதுக்கு மேல்தட்டு '2ஏ', 'அநேகமாக வரும்' என்கிற பட்டியல். அதில் 2007 முதல் இருப்பது என்ன தெரியுமா? இரவு ஷிப்ட்.

இதைப் படித்த அன்னைக்கு வாசலில் நின்று தொழிற்பேட்டையைப் பார்த்தேன். ராத்திரி ஷிப்டுக்குப் பிள்ளைகள் வந்து இறங்குகிற நேரம். பதினெட்டு, இருபது வயசுப் பிள்ளைகள். ராத்திரி பத்து மணியிலிருந்து விடியும்வரை பளீர் வெளிச்சத்தில் நிற்கும். ஒரு வாரம் ராத்திரி, அடுத்த வாரம் பகல். மெலட்டோனின் எழும்பவே வழியில்லை, கார்ட்டிசாலுக்கு எது காலை எது ராத்திரி என்று தெரியாது. ஹார்மோனைக் குலைக்கிறது என்று சான்றோடு சொல்லக்கூடிய ஒரு விஷயம் நம்ம தெருவிலேயே நடக்குது. அதுக்கு எதிராக ஒரு மனு எழுதினோமா? அந்தப் பிள்ளைகளுக்கு இரவுப்படி எவ்வளவு, ஷிப்ட் எத்தனை நாளுக்கு ஒருமுறை மாறுது, மாதவிடாய் ஒழுங்கா வருதான்னு யாராவது கேட்டோமா? டவரைத் திட்டினா யாருக்கும் நஷ்டமில்லை. ஷிப்டைத் திட்டினா வீட்டுக்கு வருகிற சம்பளம் நிற்கும். அதான் விஷயம்.

இதே 2011 மே மாசத்தில் இன்னொன்று நடந்தது. 13-ம் தேதி உச்ச நீதிமன்றம் எண்டோசல்பான் தயாரிக்க, விற்க, பயன்படுத்தத் தடை போட்டது. அதற்கு முன்னால் நான் அதைக் கத்திரிக்கு அடித்திருக்கிறேன். காய்ப்புழுவுக்கு அதுதான் என்று கடைக்காரர் கொடுப்பார். மூக்கில் துண்டு, காலில் ஒண்ணும் கிடையாது, கை கழுவினோமா என்பதே ஞாபகமில்லை. காசர்கோட்டில் முந்திரி மலைகள் மேல் 20 வருஷத்துக்கும் மேலாக ஹெலிகாப்டரில் தெளித்தார்கள். அங்கே பத்திலிருந்து பத்தொன்பது வயதுள்ள 117 பையன்களை, அந்தத் தெளிப்பு இல்லாத ஊரின் 90 பையன்களோடு அகமதாபாத்தில் உள்ள தேசிய தொழில்சார் சுகாதார நிறுவனம் ஒப்பிட்டு 2003-ல் வெளியிட்டது. மருந்து பட்ட பையன்கள் பருவத்துக்கு வருவது தாமதம், ஆண் ஹார்மோன் உருவாவதில் இடைஞ்சல். ரத்தத்தில் மருந்து இருந்தது, அளந்தார்கள்.

ஹார்மோன் கெடுதல் என்றால் இதுதான். கண்ணுக்குத் தெரியாத அலையைப் பற்றி நகரத்திலிருந்து எனக்குப் பத்து வீடியோ வந்திருக்கு. நீங்கள் சாப்பிடுகிற கத்திரிக்காயில் நான் என்ன அடித்தேன் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. என் கையால் அடித்தேன் என்பதை வைத்துக்கொண்டு, "டவர்தான் ஹார்மோனைக் கெடுத்தது" என்கிற தாளில் எப்படிக் கையெழுத்துப் போடுவது? அந்தக் கூச்சம் எனக்குப் பெரிய காரணம்.

சிட்டுக்குருவியும் இப்படித்தான். '2.0' படம் வந்த 2018-க்கு அப்புறம் குருவி போனதுக்கு டவர்தான் என்று முடிவாகிவிட்டது. ஓட்டு வீடு போய் ஒட்டு வீடு வந்தது, கம்பு கேழ்வரகு விதைப்பது நின்றது, குஞ்சுக்குக் கொடுக்கப் புழு இல்லாமல் நாங்களே மருந்தடித்தோம். குருவிக்கு வாய் இருந்தா முதலில் யாரைச் சொல்லும்?

அம்மா கதைக்கு வருகிறேன். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. கரண்ட் இல்லை. டவரின் டீசல் ஜெனரேட்டர் அன்றைக்கு ராத்திரி முழுக்க ஓடியது. மறுநாள் தண்ணி ஏறி ஜெனரேட்டர் நின்றது, போனில் சிக்னலும் போச்சு. வீட்டுக்குள் கணுக்கால் தண்ணி, மாட்டைக் கட்ட இடமில்லை, ஆனால் அம்மா விடியவரை தூங்கினாங்க. "பாத்தியா, டவர் செத்தது, நான் தூங்கினேன்" என்றாங்க. எனக்கும் திக்கென்றிருந்தது. நான் இத்தனை நாள் பேசினதெல்லாம் தப்போ?

மூணாம் நாள் கரண்ட் வந்தது. டவர் உயிர் பெற்றது, போனில் முழுக் கோடு. ஜெனரேட்டர் மட்டும் ரிப்பேர், மெக்கானிக் வர பன்னிரண்டு நாள் ஆச்சு. அந்தப் பன்னிரண்டு ராத்திரியும் அம்மா தூங்கினாங்க. பதின்மூணாம் நாள் ஜெனரேட்டர் சரியானது. அதோட பாட்டரி வீக், ராத்திரி வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் தானாக ஓட ஆரம்பிக்கும். அன்றைக்கு ரெண்டு மணிக்கு அம்மா திண்ணையில்.

ஒரு ஆளை வைத்து விஞ்ஞானம் பேசக் கூடாது, தெரியும். மழை விட்ட குளிரும் காரணமாக இருக்கலாம். ஆனால் சத்தம் தூக்கத்தைக் கெடுத்து அழுத்த ஹார்மோனை ஏற்றும் என்பதில் சந்தேகம் கிடையாது. தூங்கிக்கொண்டே இருந்தாலும் காது வேலை செய்யுது, உடம்பு பதறுது. 2000-ல் வந்த ஒலி மாசு விதிப்படி குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல்தான் வரம்பு. தொழிற்பகுதி என்றால் 70. இப்போ எங்க தெரு குடியிருப்பா, தொழிற்பகுதியா? தொழிற்பேட்டைக்கும் வயலுக்கும் நடுவில் கிடக்கிற தெருவுக்கு இது உயிர்க் கேள்வி. மனுவில் இருக்க வேண்டிய கேள்வியும் இதுதான்.

அசதிக்கும் முடி கொட்டுவதற்கும் காரணம் அதைவிடச் சின்னதாக வந்தது. டாக்டர் கேட்டார், "தைராய்டு மாத்திரையை எப்போம்மா போடுறீங்க?" அம்மா, "காலையில காபியோடதான்." வெறும் வயிற்றில் தண்ணியோடு போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி குடிக்கணும். காபியோடு போனால் மாத்திரை சரியாக உடம்பில் சேராது. இத்தனை மாசமாக அம்மாவின் ஹார்மோனைக் குறைத்தது டிகாஷன். ரெண்டு மாசம் கழித்து டெஸ்டில் அளவு இறங்கிச் சரியானது. அக்கா பொண்ணுக்கு அந்த ரிப்போர்ட்டை அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒண்ணு வந்தது, அவ்வளவுதான்.

டவருக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். ஊரைக் கேட்காமல் வருவது, அளவு என்ன என்று பலகை வைக்காதது, விதியை மீறி மொட்டைமாடியில் ஏற்றுவது, இதையெல்லாம் கேட்க வேண்டும். 2017-ல் குவாலியரில் ஒரு வீட்டு வேலைக்காரர், பக்கத்து மாடி டவரால் புற்றுநோய் வந்தது என்று உச்ச நீதிமன்றம் போய், அந்த டவரை நிறுத்தவே வைத்தார். அந்த வழக்கில் காரணகாரியம் நிரூபணமாகிவிட்டது என்று நான் நம்பவில்லை. ஆனால் ஒரு ஏழையின் பேச்சைக் கேட்டு ஒரு டவரை நிறுத்த முடியும் என்பது எனக்குப் பிடித்திருந்தது. நீண்ட கால ஆய்வு நடக்கட்டும், குழந்தைகள் விஷயத்தில் கூடுதல் ஜாக்கிரதை இருக்கட்டும்.

இன்னொன்று, டவர் தூரம் போகப் போக உங்கள் கையிலுள்ள போன் அதிகப் பலத்தில் கத்த வேண்டியிருக்கும். காதோடு ஒட்டின போன்தான் உடம்புக்கு அதிகம் கொடுக்கிறது, அறுபது மீட்டர் தள்ளியிருக்கிற கம்பம் இல்லை. அதைவிட அதன் திரை. 2015-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில் 12 பேரைப் படுக்கும் முன் நாலு மணி நேரம் ஒளிரும் திரையில் படிக்க வைத்தார்கள். மெலட்டோனின் பாதிக்கு மேல் குறைந்தது, உடம்பின் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னால் போனது. டவரைப் பற்றின வீடியோவை ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போர்வைக்குள் பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் வேறொரு மனு எழுதினேன். ஜெனரேட்டரை மேற்கு வேலிக்கு மாற்ற வேண்டும், சத்தம் அடக்கும் கூண்டு போட வேண்டும், பாட்டரி மாற்ற வேண்டும், ராத்திரி ஒரு நாள் வந்து டெசிபல் அளக்க வேண்டும். ஒன்பது கையெழுத்து கிடைத்தது. பழைய மனுவில் போட்டவர்கள் பலர், "கதிர்வீச்சுன்னு ஒரு வார்த்தையாவது சேருண்ணே, அப்பதான் ஆபீஸ்ல பயப்படுவாங்க" என்றார்கள். சேர்க்கவில்லை. மனு எங்கேயோ ஒரு மேஜையில் இருக்கிறது. நடுவில் பாட்டரி மட்டும் மாற்றியிருக்கிறார்கள் போல, வாரத்தில் ரெண்டு ராத்திரிதான் உறுமுது. அம்மாவின் கட்டிலைப் பின்கட்டுக்கு மாற்றியாச்சு. காபி ஏழு மணிக்குத்தான், அதில்தான் அவங்களுக்கு என் மேல் கோபம்.